தபால் சதுரங்கம்: உங்கள் ஆட்டத்தை நீங்களே ஆராய்வது எப்படி?

ஒரு சதுரங்கப் போட்டி நான்கு ஆண்டுகள் நடந்தது என்றால் நம்புவீர்களா? எடின்பரோ நகரச் சதுரங்கக் கழகமும் லண்டன் கழகமும் 1824-இல் தொடங்கி 1828 வரை ஐந்து ஆட்டங்கள் ஆடின. இரு தரப்பாரும் ஒரே பலகையின் முன் உட்காரவில்லை. ஒவ்வொரு நகர்த்தலும் கடித உறைக்குள் அடங்கி, தபால் வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தது. வென்றது எடின்பரோ. அப்போட்டியின் காரணமாகப் புகழ்பெற்ற ஆட்டத் தொடக்கம் ஒன்று இன்றும் ஸ்காட்லாந்தின் பெயரால் வழங்குகிறது.

இன்று அஞ்சல் அட்டையின் இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆட்டத்தின் தன்மை மாறவில்லை. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ, மூன்று நாளோ, அதற்கு மேலோ அவகாசம் உண்டு. 1999-ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை காஸ்பரோவ் ஒருவராக ஒரு பக்கமும், வாக்களித்து நகர்த்தலைத் தேர்ந்தெடுத்த பல நாட்டு மக்கள் மறுபக்கமும் இருந்து, நகர்த்தலுக்கு 24 மணி நேரம் என்ற கணக்கில் இணையத்தில் ஆடினார்கள். 62 நகர்த்தல்களில் காஸ்பரோவ் வென்றார்.

நீங்களும் இப்படி ஓர் ஆட்டம் ஆடி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி ஆராய்வது?

முதலில் குறிப்பு முறையைச் சொல்லிவிடுகிறேன். பல மொழிக்காரர்கள் கடிதம் எழுதி ஆடியதால், எழுத்தே இல்லாத, எண்களால் மட்டும் ஆன முறை ஒன்று தபால் சதுரங்கத்தில் பழக்கத்துக்கு வந்தது. வெள்ளைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் 1 முதல் 8. கீழிருந்து மேலாகக் கிடைவரிசைகள் 1 முதல் 8. ஒரு கட்டத்துக்கு இரண்டு இலக்கம். முதலில் நெடுவரிசை, பிறகு கிடைவரிசை. புறப்படும் கட்டம், சேரும் கட்டம் இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரு நகர்த்தல். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் 5254. தமிழரும் ரஷ்யரும் ஒரே மாதிரி படிக்கலாம்! (நம் பழைய ஆட்டக்காரர்கள் ராணியையே மந்திரி என்பார்கள். இக்கட்டுரையில் மூலைவாக்கில் ஓடும் காயையே மந்திரி என்கிறேன்.)

நேருக்கு நேர் ஆடித் தோற்றவர் கடிகாரத்தைக் குறை சொல்லலாம், களைப்பைச் சொல்லலாம். மூன்று நாள் யோசித்துத் தவறாக ஆடியவருக்கு அந்தச் சமாதானம் இல்லை. தபால் ஆட்டத்தின் பிழை, பெரும்பாலும் சிந்தனையின் பிழை. அதனால்தான் அது ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஏற்றது. பௌதிகச் சோதனைச்சாலையில் அளவுகளைக் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அளவு தவறு என்று பிறகு தெரிந்தாலும் அதை அழிக்கக் கூடாது என்று ஆசிரியர் சொல்வாரல்லவா? அதே போல, ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். எதைக் கண்டு பயந்தீர்கள்? எதிரி எப்படிப் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தீர்கள்? வேறு எந்த நகர்த்தலைத் தள்ளிவிட்டீர்கள்? இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நகர்த்தல்கள் மிஞ்சும், காரணங்கள் மறந்துபோகும்.

ஆட்டம் முடிந்தவுடன் கணிப்பொறியைத் தொடாதீர்கள். முதலில் பலகையை எடுத்து, நோட்டை வைத்துக்கொண்டு, நீங்களே ஒரு முறை முழுவதும் ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று உங்கள் கருத்தைப் பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், இயந்திரத்தின் தீர்ப்பைப் பார்த்தபின் அழித்துத் திருத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். (ஆட்டம் நடக்கும்போது கணிப்பொறியைக் கேட்கலாமா என்பது வேறு கேள்வி. சர்வதேசத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு அதை அனுமதிக்கிறது. இணைய தளங்கள் பல, தொடக்க ஆட்டப் புத்தகங்களை மட்டும் அனுமதித்து, கணிப்பொறியைத் தடை செய்கின்றன. அங்கே திருட்டுத்தனமாகக் கேட்டு ஆடிய ஆட்டத்தை ஆராய்வதில் பொருளே இல்லை. அது உங்கள் ஆட்டமே அல்லவே!)

இனி இயந்திரத்திடம் போகலாம். அது எப்படி ‘யோசிக்கிறது’ என்று தெரிந்தால்தான் அது சொல்லும் எண்ணின் மதிப்பு புரியும். 1950-இல் வெளியான கட்டுரையில் அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் ஒரு கணக்குப் போட்டார். சாதாரணமாக ஒரு நிலையில் சுமார் 30 நகர்த்தல்கள் சாத்தியம். அப்படியானால் இரு தரப்பும் மும்மூன்று முறை நகர்த்துவதற்குள் 30-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும்: 72 கோடியே 90 லட்சம் வழிகள். நாற்பது நகர்த்தல் கொண்ட முழு ஆட்டத்துக்கு, 1-க்குப் பின் 120 சுழிகள் போட வேண்டும். முழுவதையும் எண்ணி முடிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஆகவே வெட்டிச் சுருக்குகிறார்கள். ஒரு நகர்த்தலுக்கு எதிரியிடம் ஒரு நல்ல பதில் இருப்பது தெரிந்துவிட்டால், அந்த நகர்த்தலின் மற்றப் பதில்களைப் பார்ப்பது வீண் வேலைதானே? இந்தத் தந்திரத்துக்கு ஆல்பா-பீட்டா வெட்டு என்று பெயர். நல்ல நகர்த்தல்கள் முதலில் பார்க்கப்பட்டால், மேற்சொன்ன 72 கோடி, சுமார் 54 ஆயிரமாகச் சுருங்கிவிடுகிறது.

தேடல் நின்ற இடத்தில் நிலையை மதிப்பிட்டு ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரு சிப்பாயின் மதிப்பை ஏறக்குறைய 1 என்று கொள்வது மரபு. முன்பு இந்த மதிப்பீட்டுக்கான விதிகளை மனிதர்களே எழுதினார்கள். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற நிரல், கோடிக்கணக்கான நிலைகளைக் கொண்டு பயிற்றப்பட்ட சிறிய நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்துகிறது.

எனவே +0.2, +0.4 ஆனதும் பதறாதீர்கள். அவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வு உங்களுக்கோ எனக்கோ ஒன்றும் கற்றுத் தராது. +9 என்பது +6 ஆனாலும் கவலையில்லை, இரண்டும் வெற்றிதான். சமநிலை தோல்வியான இடத்தையும், வெற்றி சமநிலையான இடத்தையும் தேடுங்கள். நாற்பது நகர்த்தலில் அப்படிப்பட்டவை இரண்டு, மூன்றுதான் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பலகையை எடுத்து வையுங்கள். 5254, 5755, 7163, 2836, 6134, 7866, 6375. இப்போது வெள்ளைக் குதிரையும் மந்திரியும் 67-ஆம் கட்டத்தைக் குறி வைத்து நிற்கின்றன. அதைக் காப்பது கறுப்பு ராஜா மட்டுமே. கறுப்பு 4745 என்று சிப்பாயை முன்னே தள்ளி மந்திரியின் வழியை அடைக்கிறது. வெள்ளை 5445 என்று அதை வெட்டுகிறது. நீங்கள் கறுப்பு. அடுத்து என்ன?

பெரும்பாலோர் 6645 என்று குதிரையால் திருப்பி வெட்டுவார்கள். வெள்ளை 7567 என்று குதிரையைப் பலி கொடுக்கிறது. அந்தக் குதிரை ராணி, யானை இரண்டையும் தாக்குவதால் ராஜா 5867 என்று வெட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளை ராணி 4163 என்று வந்து செக் சொல்கிறது. அதே வீச்சில் 45-இல் நிற்கும் குதிரையையும் தாக்குகிறது. குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால் ராஜாவே 6756 என்று நடுப்பலகைக்கு வர வேண்டும். வெள்ளை 2133 என்று இரண்டாவது குதிரையையும் போருக்கு அழைக்கிறது. கறுப்புக்கு ஒரு காய் கூடுதல்தான். ஆனால் ராஜா வெட்டவெளியில் நிற்கிறார். ராஜா 6778 என்று பின்வரிசைக்கே ஓடியிருந்தால்? 3445 என்று மந்திரி குதிரையை வெட்டிச் செக். கறுப்பு ராணி 4845 என்று மந்திரியை வெட்டினால் வெள்ளை ராணி 6345 என்று அதை வெட்டிச் செக். கறுப்பு மந்திரி 3856 என்று குறுக்கே வந்து விழுந்தாலும் ராணி 4556 என்று அதையும் வெட்ட, மேட்.

இயந்திரம் 6645-க்கு எதிரே தவறு என்று குறியிட்டு, 3615 ஆடியிருக்க வேண்டும் என்று காட்டும். பலர் அத்தோடு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அதுதான் வீண். உங்கள் நோட்டில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? ‘சிப்பாயைத் திரும்ப எடுத்தேன்’ என்று மட்டும் இருந்தால், நோய் தெரிந்துவிட்டது: வெட்டினால் உடனே திருப்பி வெட்ட வேண்டும் என்ற பழக்கம். ஆனால் குதிரைப் பலியைப் பார்த்து, ராஜா தப்பிவிடும் என்று கணக்கிட்டிருந்தால் அது வேறு நோய். உங்கள் மதிப்பீடு தவறியது. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னவர் ‘வேறு நகர்த்தல் உண்டா?’ என்று கேட்கப் பழக வேண்டும். பின்னவர் வெளியே இழுக்கப்பட்ட ராஜாக்களின் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். 3615 ஏன் நல்லது என்றும் சொல்லிப் பாருங்கள்: சிப்பாய் போனால் போகட்டும் என்று விட்டு, குதிரை 34-இல் நிற்கும் மந்திரியையே தாக்குகிறது. எதிரியின் தாக்குதலுக்கு வேர் அந்த மந்திரிதானே!

கடித ஆட்டத்துக்கே உரிய வேறு பிழைகளும் உண்டு. பலகையில் காயைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டு மணிக்கணக்காக யோசிப்பது; ஒரே சமயத்தில் பத்து ஆட்டம் ஆடி, ஒன்றின் திட்டத்தை இன்னொன்றில் போடுவது; இலக்கம் மாற்றி எழுதுவது. ‘நீங்கள் இப்படி ஆடினால் நான் இப்படி’ என்று தபால் செலவை மிச்சம் பிடிக்க முன்கூட்டியே எழுதும் நகர்த்தல்களும் ஆபத்தானவை; எதிரி ஏற்றுக்கொண்டால் மாற்ற முடியாது. இவற்றை ‘சதுரங்கப் பிழை’ என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இயந்திரத்தை எவ்வளவு நம்பலாம்? ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழே காய்கள் மிஞ்சினால் முழுக்க நம்பலாம். அத்தகைய நிலைகளுக்கான விடைத் தொகுதி, மாஸ்கோ பல்கலைக் கழகத்தின் லோமனோசோவ் பெருங்கணிப்பொறியில் 2012-இல் கணக்கிடப்பட்டது. அங்கே விடை மதிப்பீடு அல்ல, உண்மை. மற்ற இடங்களில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். எதிரி எந்த வழியாலும் உள்ளே நுழைய முடியாதபடி ஒரு பக்கம் அரண் அமைத்துக்கொண்ட நிலைகளில், இயந்திரம் +2 என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆட்டமோ ஓர் அங்குலம் நகராது.

இன்னொரு குறையும் உண்டு. எட்டு அடி மட்டும் பார்க்கும் நிரல், ஏழாவது அடியில் தன் மந்திரி விழுவதைக் காண்கிறது. உடனே வீணாக ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து இரண்டு அடி தள்ளிப் போடுகிறது. இப்போது மந்திரி விழுவது ஒன்பதாவது அடியில், கண்ணுக்குத் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைக்கிறது! இதற்கு ‘அடிவான விளைவு’ என்று 1973-இல் பெயரிட்டவர் ஹான்ஸ் பெர்லினர் என்ற கணிப்பொறி விஞ்ஞானி. இன்றைய நிரல்களில் இக்குறை பெரிதும் குறைந்திருக்கிறது. மனிதர்களிடம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பெர்லினர் தபால் சதுரங்கத்தின் உலகச் சாம்பியனும்கூட. 1965-இல் தொடங்கி 1968-இல் முடிந்த ஐந்தாவது உலகப் போட்டியில் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை. அதில் சோவியத் வீரர் யாகோவ் எஸ்ட்ரினுடன் அவர் ஆடிய ஆட்டம் புகழ்பெற்றது. தொடக்கம் எது தெரியுமா? நாம் மேலே பார்த்ததேதான். எஸ்ட்ரின் அந்தத் தொடக்கத்தில் பெரிய நிபுணர். 5445 என்று வெட்டியதும், பெர்லினர் 6645-உம் ஆடவில்லை, 3615-உம் ஆடவில்லை. 2725 என்று சிப்பாயைத் தள்ளினார். பத்தாவது நகர்த்தலில் அவருடைய மந்திரியும் குதிரையும் ஒரே நேரத்தில் சிப்பாய்களின் வாயில் நின்றன. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு 5554 என்று சிப்பாயை நகர்த்தினார். எஸ்ட்ரின் 3344 என்று குதிரையை வெட்டினார். ஆட்டம் 42-ஆவது நகர்த்தல் வரை நீண்டு, கறுப்புக்கு வெற்றியாக முடிந்தது.

பெர்லினர் அந்த ஆட்டத்தை அத்தோடு மூடி வைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே தொடக்கத்தை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்.