இலவசமாக வந்த எரு

பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதையில் முதலமடையைத் தாண்டினால் மீனாட்சிபுரம். அந்த வட்டாரத்தில், சித்தூர் தாலுகா பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். 2000-ம் ஆண்டில் இங்கே கோகோ கோலா ஆலை வந்ததும், கிணறுகள் கெட்டுவிட்டன என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலானோர் போராட்டத்தில் இறங்கியதும் வாசகர்கள் அறிந்ததே. எருவின் கதைதான் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஆலைக் கழிவில் மிஞ்சிய சேற்றை, எரு என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். உரம் விற்கிற விலையில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வயலிலும் தோப்பிலும் கொட்டினார்கள். 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக அறிவித்தது. தீங்கில்லை என்றது கம்பெனி. ஆனாலும் சேறு கொடுப்பதை நிறுத்தும்படி ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. 2004 மார்ச்சில் ஆலையும் நின்றது.

ஆலை நின்றாலும் மண்ணில் சேர்ந்த உலோகம் மக்கிப் போகாது. ஈயம் பெரும்பாலும் மண்ணோடும் வேரோடும் தங்கிவிடும். காட்மியம் அப்படியல்ல, துத்தநாகச் சத்தைப் போலவே வேர் வழியாகச் செடிக்குள் ஏறிவிடும். புளிப்பு மண்ணில் இன்னும் சுலபமாக ஏறும். காய்களைவிடக் கீரைகளில்தான் அதிகம் சேரும். கீரையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு. உடம்பில் சேர்ந்தது சிறுநீரகத்தில் பத்து, முப்பது ஆண்டுகள் வரை தங்கும். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் காய்கறியைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாத வீடு கிடையாது. மேலே ஒட்டிய மருந்துக்கும் தூசிக்கும் அது சரி. இலைக்குள் ஏறியதை எப்படிக் கழுவுவது?

ஜப்பானில் தோயாமா பகுதியில், சுரங்கக் கழிவு கலந்த ஜின்சூ ஆற்று நீரை நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். அந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அவர்கள் அலறிய 'இத்தாய் இத்தாய்' என்பதே நோய்க்குப் பெயராயிற்று. 1968-ல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. கெட்ட மண்ணைச் சீர்செய்யும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல் முடிந்தது.

பிளாச்சிமடையில் நோய் அந்த அளவுக்குப் போனதாக யாரும் சொல்லவில்லை. நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று 2010-ல் உயர்மட்டக் குழு கணக்கிட்டது. இழப்பீட்டுக்காக 2011-ல் கேரள சட்டசபை நிறைவேற்றிய மசோதா, ஜனாதிபதியின் ஒப்புதல் பெறாமலே திரும்பி வந்துவிட்டது. அது டில்லி சம்பந்தப்பட்ட விஷயம். மண்ணைப் பார்ப்பதற்கு டில்லி வேண்டியதில்லை. வழக்கமான மண் பரிசோதனையில் பயிர்ச்சத்துகளைத்தான் பார்ப்பார்கள். காட்மியத்துக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். எந்த வயலில் எத்தனை லோடு கொட்டினார்கள் என்பது கொட்டியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் வயதாகிறது. கிருஷி பவன்காரர்கள் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்த வயல்களின் மண்ணையும் கீரையையும் சோதனைக்கு அனுப்பலாம்.