காயவும் வேண்டும், காயவும் கூடாது

இங்க்ஜெட் பிரிண்டரின் மையிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரியங்கள். காகிதத்தில் பட்ட கையோடு அது காய்ந்துவிட வேண்டும். ஆனால் கார்ட்ரிட்ஜின் அடியில், தலைமுடியைவிடக் குறுகிய துளையின் வாயில், நாள்கணக்கில் காயாமலும் நிற்க வேண்டும். இந்த இரண்டு குணங்களும் ஒரே திரவத்துக்குள் எவ்வளவு காலம் ஒத்துப்போகின்றனவோ, அதுதான் கார்ட்ரிட்ஜின் ஆயுள்.

1977இல் ஜப்பானின் கேனான் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை சட்டென்று பீச்சியது. அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் பபுள்ஜெட் என்ற அச்சு முறை. அதே சமயத்தில் அமெரிக்காவில் ஹெச்பி நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1984இல் திங்க்ஜெட் பிரிண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த முறையில் துளைக்குப் பின்னால் ஒரு நுண்ணிய ஹீட்டர் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும், நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள், அதை ஒட்டியுள்ள மையின் மெல்லிய படலம் மட்டும் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிக் குமிழியாக வெடிக்கிறது. குமிழி தள்ள, ஒரு துளி வெளியே பாய்கிறது. குமிழி அடங்கியதும் அந்த வெற்றிடத்துக்குப் புது மை ஓடி வருகிறது. ஒவ்வொரு துளையிலும் இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. துளியின் அளவு 2 பிகோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டர் மையில் 50 கோடித் துளிகள்! எப்சன் பிரிண்டர்களில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம் மையை நெட்டித் தள்ளுகிறது.

இந்த மையில் பெரும்பங்கு தண்ணீர்தான். சீக்கிரம் உலராமலிருக்க கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருள்களும், கிருமி வளராமலிருக்க ஒரு மருந்தும் சேர்த்திருப்பார்கள். சீல் பிரிக்காத கார்ட்ரிட்ஜுக்குப் பொதுவாக ஏறக்குறைய 2 ஆண்டும், பிரிண்டரில் பொருத்தியபின் 6 மாதமும் கணக்கு. மூடியே இருந்தாலும் பிளாஸ்டிக் சுவர் வழியாக நீராவி மெதுவாகக் கசிந்துகொண்டேயிருக்கும், மை கெட்டிப்படும். நிறமித் துகள்கள் மிதக்கும் மையாக இருந்தால் அவை மெல்ல அடியில் படியும். காற்றும் ஒரு தொல்லை. மையில் கரைந்த காற்று குமிழியாகத் திரண்டு துளையை அடைத்துக்கொள்ளும். சில கார்ட்ரிட்ஜ்களைக் காற்றை உறிஞ்சிய உறையில் அடைத்து விற்பது இதற்காகத்தான். பொருத்துகிற நாள்வரை அந்த உறையைப் பிரிக்காதீர்கள். மே மாத வெயிலில் ஜன்னலோரமோ காருக்குள்ளோ வைக்கவும் வேண்டாம்.

பராமரிப்பில் நான் முதலிடம் கொடுப்பது பவர் பட்டனுக்கு. பட்டனை அழுத்தி அணைத்தால், துளைகள் உள்ள பாகமான ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் அமர்ந்துகொள்ளும். துளைகளுக்குக் காற்று படாது. பட்டனைத் தொடாமல் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால், ஹெட் நடுவழியிலேயே திறந்த வாயோடு நின்றுவிடலாம். நம் வீடுகளில் பாதி கார்ட்ரிட்ஜ்கள் இந்தப் பழக்கத்தால்தான் வீணாகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். வாரம் ஒருமுறை நான்கு நிறங்களும் வருகிற ஒரு பக்கத்தை அச்சடித்தால் துளைகளில் மை புதிதாகிக்கொண்டே இருக்கும்.

எழுத்து கோடு கோடாக வந்தால் முதலில் நாசில் செக், அதாவது துளைகளைச் சோதிக்கும் அச்சு. பிறகு ஒருமுறையோ இருமுறையோ ஹெட் கிளீனிங். அப்படியும் சரியாகவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். குமிழி தானாகக் கரைய வாய்ப்புண்டு. தொடர்ந்து கிளீனிங் கொடுத்தால், உறிஞ்சியெடுத்த மையெல்லாம் பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சுக்குத்தான் போகும். கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் உள்ள வகையென்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவின்மேல் துளைப்பக்கத்தைச் சில நிமிடம் வைத்து எடுத்தால் காய்ந்த மை இளகும். செம்பு நிறத் தொடுமுனைகளில் மட்டும் ஈரம் படக் கூடாது. ரீஃபில் செய்கிறவர்கள் மை அடியோடு தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஹீட்டரைக் குளிர்விப்பதும் அந்த மைதான். வெறுமனே ஓடினால் ஹீட்டர் கருகிவிடும், அதன்பின் எந்த மையை நிரப்பினாலும் பயனில்லை.

மாதத்தில் இரண்டு மூன்று பக்கம்தான் தேவை, அதுவும் கறுப்பு வெள்ளைதான் என்றால், லேசர் பிரிண்டரையே வாங்குங்கள். அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் உலர்ந்த தூள். அதில் காய்ந்துபோக எதுவும் இல்லை.