தொடாமல் பார்த்துத் திரும்புங்கள்!
அந்தமான் பாராடாங் சுண்ணாம்புக் குகைகள்



பிள்ளைகளுக்கு விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரே கேள்வி எழும்புகிறது. இந்த ஆண்டும் சொந்த ஊருக்குத்தானா, அல்லது வேறு எங்காவது போய்வரலாமா? மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் வாழும் நம் குடும்பங்களில் பலர் இப்பொழுது அந்தமானைத் தெரிந்துகொள்கிறார்கள். மத்திய அரசுப் பணியில் இருப்போருக்கு எல்.டி.சி. சலுகை உண்டு. சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைநகர் போர்ட் பிளேரில் இறங்கலாம். 2024-ஆம் ஆண்டு முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே கடைத்தெருவில் தமிழ் காதில் விழும். வேற்றிடம் என்ற அச்சமே தோன்றாது.

அப்படிச் செல்வோர் தவறாமல் கேட்டு வருகிற ஓர் இடம் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகள். அழகான இடம்தான், ஐயமில்லை. ஆனால் சீட்டு எடுத்தோம், பார்த்தோம், வந்தோம் என்று முடித்துவிடக்கூடிய பயணம் அல்ல இது. புறப்படும் முன்னரே குடும்பமாக உட்கார்ந்து சிந்திக்கவேண்டிய காரியங்கள் சில உண்டு.

வழி எப்படி?

தலைநகரிலிருந்து பாராடாங் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இருள் பிரியும் முன்னே புறப்பட்டு, ஜிர்காடாங் என்னும் சோதனைச் சாவடியை அடையவேண்டும். அடையாள அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். அங்கே வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, குறித்த நேரங்களில் மட்டும், காவல்துறையின் துணையோடு ஒரே அணியாக அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை சுமார் 49 கிலோமீட்டர் அடர்ந்த காடு. வழியில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது.

படகுத்துறையில் கடற்கால்வாயைக் கடந்தால் பாராடாங். அங்கிருந்து சிறிய விசைப்படகில் ஏறினால் பயணத்தின் இனிமையான பகுதி தொடங்குகிறது. அகன்ற நீர்ப்பரப்பில் வேகமாய்ச் செல்லும் படகு திடீரென்று ஒரு குறுகிய ஓடைக்குள் திரும்புகிறது. இருபுறமும் அலையாத்தி மரங்கள் வேர்களை விரித்து நிற்க, கிளைகள் தலைக்கு மேலே பந்தல்போல் கவிழ்கின்றன. இவ்வோடைகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. ஆகவே பிள்ளைகள் தண்ணீரில் கைவிட்டு விளையாடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். படகை விட்டு இறங்கியபின் காட்டுப் பாதையிலும் வயல் ஓரத்திலும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்தால் குகையின் வாசல்.

கல் வளருமா?

குகைக்குள் கைவிளக்கின் ஒளி விழும்போது, ஆலமரத்து விழுதுகளைப்போல் கல் மேலிருந்து தொங்குவதைக் காண்பீர்கள். கீழேயிருந்து கறையான் புற்றுபோல் கல் எழும்பி நிற்கும். சில இடங்களில் மேலும் கீழும் சந்தித்துத் தூணாகிவிட்டன. "இது யானை, இது தாமரை" என்று வழிகாட்டி காட்டுவார். பிள்ளைகள் தங்கள் பங்குக்குப் புதிய உருவங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

இது எப்படி உண்டாகிறது? பூர்வத்தில் கடலடியில் படிந்த சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. பூமியின் அசைவால் அப்பாறை கடலுக்கு மேலே உயர்த்தப்பட்டது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அதுவே குகை. பின்பு அதே நீர் குகையின் கூரையில் துளியாய் நிற்கும்போது கரியமில வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாய்ப் படிகிறது.

நகரத்து வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுடவைக்கிறோமே, அந்தப் பாத்திரத்திலும் மின்கம்பியிலும் வெள்ளையாய்ப் படியும் பொருக்கும் இதே சுண்ணாம்புதான். பாத்திரத்தில் சில வாரங்களில் படிந்துவிடுகிறது. குகையிலோ, இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், பொதுவாக ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே விழுது வளருகிறது. அந்தக் கணக்கில் ஒரு சாண் நீளமுள்ள விழுதுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகும்!

இப்படிப்பட்டதை நம் விரல் என்ன செய்கிறது தெரியுமா? கையில் இயல்பாய் உள்ள எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டிக்கொள்ள, அந்த இடத்தில் நீர் சரியாகப் படியாமல் வளர்ச்சி தடைப்படுகிறது. அழுக்கேறிக் கறுத்தும் போகிறது. ஒருவர் தொட்டால் என்ன என்று கேட்கலாம். நாள்தோறும் வருகிற ஒவ்வொருவரும் அதையே கேட்கிறார்கள்.

தொடாவிட்டாலும் கூட்டம் கேடு விளைவிக்கும் என்பதற்கு பிரான்ஸ் நாட்டின் லாஸ்கோ குகை சாட்சி. 1940-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சுண்ணாம்புக் குகையில் பழங்கால மனிதர் தீட்டிய அரிய விலங்கு ஓவியங்கள் உள்ளன. 1948-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டத்தின் மூச்சுக்காற்றும் ஈரமும் விளக்கொளியும் சேர்ந்து சுவரில் பாசியையும் படிவையும் உண்டாக்க, 1963-ல் அடைத்துவிட்டார்கள். இன்று பொதுமக்கள் காண்பது அதன் மாதிரியை மட்டுமே.

நம்மவர் செய்த நற்காரியம்

அந்தமான் குகைகளில் உழவாரன் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை தன் உமிழ்நீராலேயே கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டைச் சூப்பாக அருந்தும் வழக்கம் சீனாவில் உண்டு. அதனால் அதற்குப் பெரும் விலை. விலையின் காரணமாகக் குஞ்சு பொரிக்கும் முன்னரே கூடுகள் பிய்க்கப்பட்டன. பறவைகள் வேகமாய்க் குறைந்தன. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர் ரவி சங்கரனும் அந்தமான் வனத்துறையும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே குகைகளுக்குக் காவலராக அமர்த்தினார்கள். திக்லிபூர் அருகே உள்ள குகைகளில் அந்தப் பறவை மீண்டும் பெருகிற்று. அழிப்பவனாய் இருந்தவன் காப்பவனாய் மாறக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு அல்லவா?

நாம் கடந்துபோவது யாருடைய வீடு?

இனி முக்கியமான காரியத்துக்கு வருவோம். அந்த 49 கிலோமீட்டர் காடு ஜாரவா என்னும் ஆதிக்குடிகளின் வீடு. வேட்டையாடியும் மீன்பிடித்தும் தேனெடுத்தும் தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 380 பேர். நம்மில் சிலருடைய சபைகளில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோர் இதைவிட அதிகம்!

1990-களின் இறுதிவரை அவர்கள் பெரும்பாலும் வெளியாரை நெருங்கவிடவில்லை. அதன்பின் அம்பும் வில்லுமின்றிச் சாலைக்கு வரத் தொடங்கினார்கள். 1999-லேயே தட்டம்மை அவர்களுக்குள் பரவிற்று. நமக்குச் சாதாரணமான சளியும் அம்மையும், எதிர்ப்பாற்றல் இல்லாத அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. பக்கத்துத் தீவுகளின் பெரும் அந்தமானியர் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். வெளியார் குடியேறியபின் வந்த நோய்களாலும், 1877-ஆம் ஆண்டின் அம்மைக் கொள்ளைநோயாலும் மாண்டு, இன்று சில பத்துப் பேராகக் குறைந்துவிட்டார்கள். அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி 2010-ல் மறைந்தார்.

ஆகவேதான் இந்தச் சாலையைப் பற்றி நீண்ட வழக்கு உண்டு. ஜாரவா காப்பகத்துக்குள் செல்லும் பகுதியை மூடும்படி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச்சொல்லும் ஒளிப்படக் காட்சி வெளியாகி உலகமே தலைகுனிந்தது. அதே ஆண்டில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அவர்களைப் படம் எடுத்தாலோ, உணவு கொடுத்தாலோ, காப்பகத்துக்குள் இறங்கினாலோ சிறைத்தண்டனை வரை உண்டு. 2013-ன் தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் அவ்வழியே செல்லச் சில வாரங்கள் தடையும் இருந்தது.

மறுபக்கமும் நியாயம் உண்டு. மத்திய, வடக்கு அந்தமானில் குடியேறி வாழும் பல்லாயிரம் பேருக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் இந்தச் சாலை தேவை. ஆனால் நம்முடைய தேவை என்ன? ஒரு நாள் மகிழ்ச்சி மாத்திரமே. எனவே இவ்வழியே போகவேண்டாம் என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் அது மேன்மையான தீர்மானமே. செல்லுலார் சிறையும், ராஸ் தீவும், ஹேவ்லாக் கடற்கரையும் அவர்களுக்குப் போதுமானவை.

போவதென்று தீர்மானித்தாலோ, ஒன்றை மறவாதீர்கள். மும்பை தாராவியில் நம் மக்கள் குடியிருக்கும் சந்துகளைக் காட்டுவதற்கே சுற்றுலா நடத்துகிறார்கள். கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள், சமைத்துக்கொண்டிருக்கும் நம் தாய்மாரை அந்நியர் ஒருவர் எட்டிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே வேதனை காட்டில் வாழ்கிற தாய்க்கும் உண்டு. ஜாரவா மக்களைக் காட்டுகிறேன் என்று ஓட்டுநர் ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வழியில் அவர்கள் நின்றால், கண்காட்சி பார்ப்பதுபோல் ஜன்னலில் முண்டியடிக்காதிருங்கள்.

ஆத்தும பாரம் உள்ள நமக்குள் இன்னொரு எண்ணமும் எழும்பக்கூடும்: ஒரு கைப்பிரதியாவது, ஒரு பிஸ்கட் பொட்டலமாவது கொடுத்தால் என்ன? பிரியமானவர்களே, அதைச் செய்யவேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. அன்போடு நீட்டுகிற கையிலிருந்தே நோய் செல்லக்கூடும். 2018 நவம்பரில் தடையை மீறி வடக்கு சென்டினல் தீவுக்குள் சென்ற அமெரிக்க வாலிபர் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய உயிர் போனது துக்கம். அவர் மூலமாய் அந்தச் சிறு கூட்டத்துக்கு நோய் தொற்றியிருந்தால் அது இன்னும் பெரிய துக்கம். விலகி நிற்பதும் சில வேளைகளில் அன்பின் செயலே.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். மழை வலுத்தால் படகுகள் நிறுத்தப்படும்.

குடிநீர், கைவிளக்கு, வழுக்காத காலணி எடுத்துச் செல்லுங்கள். குகைப் பாதை சமமாய் இராது; முழங்கால் வலி உள்ள பெரியோருக்கு ஏற்றதல்ல.

படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதிருங்கள்.

சளி, காய்ச்சல், அம்மை கண்ட பிள்ளை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பும் வண்டி அணிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. குகையில் நேரத்தைக் கவனியுங்கள்.

வீட்டில் அலமாரியில் வைக்க ஒரு கல்லாவது எடுத்துவரலாமே என்று பிள்ளை கேட்கும். வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடாமல், ஏன் என்றும் விளக்குங்கள். ஒரு துளி நீர் ஆயிரமாண்டுகளாய்ச் செய்ததை அங்கேயே விட்டுவரவும், பிறருடைய வீட்டைக் கடக்கும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவும் அந்த ஒரு நாளில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், நீங்கள் செலவிட்ட பணம் வீண்போகவில்லை.