விருந்தினராக வந்தோர் ஸ்டொக்ஹோமில் பாதுகாப்பாக நடமாடுவதற்கு

கோடை விடுமுறை தொடங்கியதும் எமது நகரத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றுக்கு விருந்தினர் வருவர். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெற்றோர் வருவர். இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய நகரங்களிலிருந்து உடன்பிறந்தோர் வருவர். சிலர் பனிகாணும் ஆவலால் மார்கழி மாதத்தைத் தெரிவு செய்கின்றனர். முதற் சில நாட்கள் வீட்டார் விடுப்பு எடுத்து உடன் செல்வர். பின்னர் வீட்டார் வேலைக்குச் சென்றுவிட, விருந்தினர் தனியே வெளிக்கிடும் நாள் வரும். அந்த நாளுக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவோருக்கு உதவும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முகவரி அட்டை

பல ஆண்டுகளுக்கு முன்னர் என் மாமியார் எம்முடன் தங்க வந்திருந்தார். அப்போது நாம் ஹூஸ்பியில் குடியிருந்தோம். நகர மையத்திலிருந்து திரும்பும்போது நிலக்கீழ் தொடருந்தின் நீல வழித்தடத்தில் ஏறவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். அவரும் சொன்னபடியே நீல வழித்தடத்தில்தான் ஏறினார். ஆனால் அவ்வழித்தடம் வெஸ்ட்ரா ஸ்கூகென் நிலையத்துக்கு அப்பால் இரண்டாகப் பிரிகின்றது. 10 ஆம் இலக்கத் தொடருந்து யூல்ஸ்தாவுக்கும் 11 ஆம் இலக்கத் தொடருந்து ஹூஸ்பி வழியாக ஆக்கல்லாவுக்கும் செல்லும். அவர் ஏறியது 10. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிப்போக, அவர் மாத்திரம் மேடையில் நின்றார். உதவ முன்வந்த ஓர் இளைஞரிடம், நாம் எழுதிக்கொடுத்த முகவரித் தாளை நீட்டினார். அதை நான் தமிழில் எழுதியிருந்தேன், அவருக்கு வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று. அவ்வேளை அந்த நிலையத்தில் அதனை வாசிக்கக்கூடியவர் அவர் ஒருவரே. இரண்டு மணிநேரத்தின் பின்னர் அவ்வழியே வந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் தாளைப் பார்த்து எமக்குத் தொலைபேசி எடுத்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இது நேர்ந்தது என்பதைச் சற்று வெட்கத்துடனேயே பதிவு செய்கின்றேன்.

ஆகவே விருந்தினரின் கைப்பையில் ஓர் அட்டை இருத்தல் வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் வீதிப் பெயர், இலக்கம், அண்மித்த நிலையம், தொடருந்தின் இலக்கம், அது சென்றடையும் கடைசி நிலையம், +46 என்று தொடங்கும் உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சுவீடிய எழுத்திலும், மறுபக்கத்தில் அவற்றையே தமிழிலும் எழுதிக்கொடுங்கள். வாயிற் கதவின் இரகசிய எண்ணை அதில் எழுதாதீர்கள். நிறத்தை மாத்திரம் நம்பிப் பயணம் செய்யலாகாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். சிவப்பு வழித்தடமும் பச்சை வழித்தடமும் இவ்வாறே கிளை பிரிகின்றன. மேடையிலுள்ள பலகையில் இலக்கத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் பார்த்த பின்னரே ஏறவேண்டும்.

பயணச்சீட்டைப் பற்றிச் சிறிது. எஸ்.எல். நிறுவனத்தின் தனிப் பயணச்சீட்டு 75 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும். அந்நேரத்துள் பேருந்து, தொடருந்து என மாறி ஏறலாம். பேருந்தில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்க இயலாது. வங்கி அட்டையை வாசிப்பானில் தொட்டும் பயணிக்கலாம். ஆனால் வெறுமனே தொட்டால் வளர்ந்தோருக்குரிய முழுக் கட்டணமே அறவிடப்படும். எனவே 65 வயதைக் கடந்த பெற்றோருக்குச் சலுகைச் சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொடுப்பது நன்று. சீட்டின்றி அகப்பட்டால் அறவிடப்படும் தொகை ஆயிரம் குரோனரைத் தாண்டும். அது குற்றத்துக்கான தண்டம் அன்று. 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான மேலதிகக் கட்டணமே. இதனால் விசாவுக்குப் பாதகம் வந்துவிடுமோ என்று என்னிடம் கலங்கிக் கேட்டவர்கள் உண்டு. பரிசோதகருடன் வாதிடாமல் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, ஆட்சேபம் இருப்பின் பின்னர் எழுத்தில் தெரிவிக்கலாம்.

வாடகைக் காரில் ஏறுமுன்

விருந்தினர் அதிகம் ஏமாற்றமடைவது இங்கேதான். சுவீடனில் வாடகைக் கார்க் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. அக்கட்டுப்பாடு 1990 இல் நீக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய விலையை வைக்கலாம். அவ்விலையை வெளிப்படையாக அறிவிப்பதே அதன் கடமை. ஆகவே ஒரே தூரத்துக்கு ஒரு கார் கேட்கும் தொகையின் மும்மடங்கை இன்னொரு கார் கேட்கக்கூடும். விலை கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்ததாயின், பின்னர் அதனை மோசடி என முறையிடுவது கடினம். சட்டம் படித்தவன் என்ற வகையில் இதனை வலியுறுத்திச் சொல்கின்றேன்: வாசிக்காமல் ஏறியவருக்குச் சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறிது.

வாசிக்க வேண்டியது காரின் பக்கக் கண்ணாடியிலுள்ள மஞ்சள், வெள்ளை நிற விலை ஒட்டியை. அதில் பெரிய இலக்கத்தில் காணப்படுவது ஒப்பீட்டு விலை. அதாவது 10 கிலோமீற்றர் தூரமும் 15 நிமிட நேரமும் கொண்ட பயணத்துக்கான தொகை. ஆர்லாண்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்பதை நினைவிற்கொண்டால் கணக்கு விளங்கும். வரிசையில் முன்னால் நிற்கும் காரில்தான் ஏறவேண்டும் என்ற நியதி இங்கு இல்லை. எமது மக்கள் பலர் முதலாவது சாரதியைத் தாண்டிச் செல்வது மரியாதையன்று எனத் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் விமான நிலையத்துக்கு நிலையான கட்டணம் வைத்துள்ளன. அத்தொகையை ஏறுமுன் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அனுமதிபெற்ற காரின் இலக்கத்தகடு மஞ்சள் நிறமானது. சாரதியின் அனுமதி அட்டை உள்ளே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். இறங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவும்.

ஆர்லாண்டாவிலிருந்து தொடருந்திலும் பேருந்திலும் வரலாம். புறநகர்த் தொடருந்தில் வருவோர் சாதாரணச் சீட்டுடன் நிலைய நுழைவுக் கட்டணமும் செலுத்த வேண்டும். அதனைத் தவிர்க்க விரும்புவோர் 583 ஆம் இலக்கப் பேருந்தில் மேர்ஸ்தா சென்று அங்கிருந்து தொடருந்தில் ஏறலாம். பெட்டிகள் பல இருப்பின் இது வீண் சிரமம்.

வீதியைக் கடத்தல்

சுவீடனிலும் ஒருகாலத்தில் வாகனங்கள் இடப்புறமாகவே சென்றன. 1967 செப்டெம்பர் 3 ஆம் திகதி அதிகாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் வலப்புறத்துக்கு மாறியது. இலங்கை, இந்தியா, பிரித்தானியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோருக்கு அந்த மாற்றத்தைத் தனியே ஒரு நாளில் பழகவேண்டிய நிலை. பழக்கத்தால் அவர்கள் முதலில் வலப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைப்பர். இங்கே அருகிலுள்ள வாகனம் இடப்பக்கத்திலிருந்தே வரும். அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு வார்த்தையால் மாற்ற இயலாது. முதல் நாட்களில் உடன் நடந்து, ஒவ்வொரு கடவையிலும் நினைவூட்டுங்கள்.

சமிக்ஞை விளக்கற்ற பாதசாரிக் கடவையில் கார்கள் நடப்போருக்கு வழிவிடவேண்டும் என்பது 2000 மே மாதம் முதல் சட்டம். ஆனால் ட்ராம் வண்டிக்கு அவ்விதி பொருந்தாது. அதற்கு நாமே வழிவிடவேண்டும். நடைபாதையை ஒட்டியுள்ள மிதிவண்டிப் பாதையும் ஆபத்தானது. பேசிக்கொண்டே அதில் இறங்கி நடப்போரை மிதிவண்டிகள் மிகுந்த வேகத்தில் கடந்து செல்லும். மின்னுந்துகளை நடைபாதையில் ஓட்டுவது 2022 செப்டெம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் அவதானம் தேவை.

மார்கழி மாதத்தில் சூரியன் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே மறைகின்றது. கரிய மேலங்கி அணிந்தவர் கார் விளக்கில் 20 முதல் 30 மீற்றர் தூரத்திலேயே தென்படுவார். ஒளிதெறிக்கும் வில்லை தொங்கவிட்டால் ஏறத்தாழ 125 மீற்றரிலிருந்து தென்படுவார். விலை சொற்பம். உறைந்த நடைபாதைக்குக் காலணியின் அடியில் மாட்டும் கூர்முனைகள் கடைகளில் உண்டு. முதியோருக்கு அவற்றைக் கட்டாயம் வாங்கிக்கொடுங்கள். ஆனால் கட்டடங்களின் வழுவழுப்பான தரையில் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். உறைந்த ஏரியில் பிறர் நடப்பதைப் பார்த்து விருந்தினர் இறங்கலாகாது.

நகையும் கைப்பையும்

நெரிசலான தொடருந்திலும் பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களிலும் கைப்பையை முன்புறம் வைத்திருப்பது போதுமானது. இதனிலும் முக்கியமானது வேறொன்று. வழி கேட்பது போல் அணுகி, உதவியதற்கு நன்றி என்று கட்டியணைத்து, மலிவான மாலை ஒன்றை அணிவிக்கும் சாட்டில் கழுத்திலுள்ள தங்கச் சங்கிலியைக் கழற்றிச் செல்வோர் உள்ளனர். அவர்கள் தேடுவது முதிய பெண்களையே. தாலிக்கொடியைக் கழற்றிவைக்குமாறு ஒருவரைக் கேட்பது எளிதன்று. ஆடையின் உள்ளே மறைத்து, கழுத்துத் துணி சுற்றிச் செல்லுமாறு கூறலாம்.

பொலிஸார் கேட்டால் வெளிநாட்டவர் கடவுச்சீட்டையோ நாட்டில் தங்கும் உரிமையைக் காட்டும் ஆவணத்தையோ காட்டவேண்டும் என்பது சட்டம். சாதாரண உடையில் வந்து தம்மைப் பொலிஸார் எனக் கூறுவோரிடம், அவர்களின் அடையாள அட்டையைக் காட்டுமாறு விருந்தினரும் கேட்கலாம். பணப்பையை எவரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

சுகவீனமும் அவசரமும்

உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து எனில் 112. எந்த இடத்தில் நிற்கின்றோம் என்பதை முதலில் சொல்லவேண்டும், ஆங்கிலத்தில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 1177. வெளிநாட்டுக் கைத்தொலைபேசியிலிருந்து +46 771 1177 00. நடந்து முடிந்த களவைப் பொலிஸாருக்கு அறிவிக்க 114 14. வெளிநாட்டு எண்ணிலிருந்து +46 77 114 14 00. ஷெங்கன் விசாவுக்காக எடுக்கப்பட்ட 30,000 யூரோ காப்புறுதியின் பத்திரம் பெட்டியின் அடியில் கிடக்காமல், பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். காப்புறுதியற்ற விருந்தினரின் சிகிச்சைச் செலவு முழுமையாக அறவிடப்படும்.

இவ்வழிகாட்டியின் பின் உறையில் முகவரி அட்டை ஒன்று அச்சிடப்பட்டுள்ளது. வெட்டியெடுத்து, இரு பக்கங்களையும் நிரப்பிக் கொடுக்கவும்.