ஜேர்மன் விஸ்கியும் "கிளென்" என்ற சொல்லும்

ஜேர்மனி என்றதும் பியரும் திராட்சை மதுவுமே எவருக்கும் நினைவில் வரும். விஸ்கி ஸ்கொட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் உரியதென்றே எண்ணிப் பழகியுள்ளோம். ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஜேர்மன் மண்ணிலும் விஸ்கி வடிக்கப்பட்டு வருகின்றது. அத்தகைய சிறிய வடிசாலையொன்று தன் போத்தலில் பொறித்த ஒரேயொரு சொல், ஐரோப்பிய ஒன்றியத்தின் அதியுயர் நீதிமன்றம் வரை வழக்காடப்பட்டது. ஓர் இடத்தை நினைவூட்டும் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதே அங்கு எழுந்த வினா.

முளைகட்டிய வாற்கோதுமையை உலர்த்தி அரைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதிலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறுகின்றது. அவ்வினிப்பு நீரை மதுவம் நொதிக்கச் செய்ய, அதனைச் செப்புக் கலங்களில் இருமுறை காய்ச்சி வடித்து மரப் பீப்பாக்களில் அடைப்பர். 700 லீற்றருக்கு மேற்படாத பீப்பாவில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்ந்து, 40 வீதத்துக்குக் குறையாத மதுசாரம் கொண்டிருந்தால் மட்டுமே அதனை விஸ்கி என விற்க ஐரோப்பியச் சட்டம் இடமளிக்கின்றது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு ஆக்கப்படுவதே "சிங்கிள் மோல்ட்" ஆகும்.

தென்ஜேர்மனியில் பழங்களிலிருந்து மதுசாரம் வடிப்பது பல குடும்பங்களின் பரம்பரைத் தொழில். செப்புக் கலங்களும் கைப்பழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தமையால் விஸ்கிக்கு மாறுவது கடினமாக இருக்கவில்லை. பவேரியாவின் ஷ்லியர்சே ஏரிப் பகுதியில் 1999 இல் வடிக்கத் தொடங்கப்பட்ட "ஸ்லீர்ஸ்" சிங்கிள் மோல்ட், மூன்றாண்டு முதிர்வின் பின்னர் 2002 இல் விற்பனைக்கு வந்தது. தன் ஊரின் பழம்பெயரையே அது சூடிக்கொண்டது.

ஸ்ருட்கார்ட் நகருக்கு வடகிழக்கே பேர்க்லென் என்னும் இடத்திலுள்ள வால்ட்ஹோர்ன் வடிசாலையோ தன் சிங்கிள் மோல்ட்டுக்கு "கிளென் புக்கன்பாக்" எனப் பெயரிட்டது. புக்கன்பாக் அப்பகுதியில் ஓடும் சிற்றாறு. "கிளென்" என்பதோ ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் போன்ற புகழ்பெற்ற ஸ்கொட்லாந்து விஸ்கிகள் அச்சொல்லிலேயே தொடங்குகின்றன. எனவே ஸ்கொச் விஸ்கிச் சங்கம் ஹம்பேர்க் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

போத்தலில் "ஜேர்மன் உற்பத்தி" எனவும், பேர்க்லெனில் தயாரிக்கப்பட்டது எனவும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததை வடிசாலை சுட்டிக்காட்டியது. உள்ளதை உள்ளபடி கூறியிருக்கையில் ஏமாற்று எங்கே என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றும்.

ஹம்பேர்க் நீதிமன்றம் சட்டவிளக்கம் கோரி லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடியது. 2018 ஜூன் 7ஆம் திகதி விடை கிடைத்தது. பெயரைக் காணும் சாதாரண ஐரோப்பிய நுகர்வோரின் மனத்தில் ஸ்கொச் விஸ்கியே நேரடியாகத் தோன்றுகின்றதா என்பதை ஆராய வேண்டும். தோன்றுமாயின், போத்தலின் வேறிடத்தில் உண்மையான பிறப்பிடம் எழுதப்பட்டிருப்பது குற்றத்தைப் போக்காது என்பதே அதன் சாரம். அதன்படி 2019 பெப்ரவரியில் ஹம்பேர்க் நீதிமன்றம் அப்பெயரைத் தடைசெய்தது. 2022 ஜனவரியில் மேன்நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது.

கனடாவில் முடிவு வேறாக அமைந்தது. கேப் பிரெட்டன் தீவில் வடிக்கப்படும் "கிளென் பிரெட்டன்" என்ற வணிகக்குறியின் பதிவை அதே சங்கம் எதிர்த்தபோது, 2009 இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வடிசாலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே சொல், இரு நாடுகளில் இரு விதி.

குடிப்பழக்கம் இல்லாதோருக்கும் இவ்வழக்கு தொடர்பற்றதன்று. இலங்கையின் கறுவாவுக்கு, "சிலோன் கறுவா" என்ற பெயரில் 2022 பெப்ரவரியில் இதனையொத்த பாதுகாப்பை ஐரோப்பிய ஒன்றியம் வழங்கியுள்ளது. வேறு நாட்டுப் பட்டையைப் பொதிசெய்து அப்பெயரை ஒட்டி விற்பது இப்போது சட்டமீறலாகும். பலசரக்குக் கடை நடத்தும் நம்மவர்கள் மொத்த வியாபாரியிடம் பொருளை வாங்கும்போதே அதன் பிறப்பிடத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. பேர்க்லென் வடிசாலை தன் தொழிலால் வழக்கைச் சந்திக்கவில்லை; ஒட்டிய பெயரினாலேயே சந்தித்தது.