மாடியிலிருந்து கேட்ட பாட்டு

'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்ற அறிவுரையைக் கேட்காமல் நம் வீடுகளில் வளர்ந்த பெண் அபூர்வம். அப்படி அனுசரித்துப் போகிறவள் மனசுக்குள் என்ன கணக்குப் போடுகிறாள் என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் அந்தக் கணக்கு பாட்டாகவே இருந்தது.

1568இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்தில் ஆண்களுக்குக் கீழே கூடம், பெண்களுக்கு மாடி. மாடியின் முன்பக்கத்திலும் வேதம் வாசிக்க ஒரு மேடை உண்டு. அதற்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேதம் காதுக்கு எட்டியது; வாசிக்கும் உரிமை எட்டவில்லை.

அதே பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடினார்கள். நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பாட்டுகளைக் காப்பாற்றினார்கள். பெண் பாடுவதை ஆண் கேட்கலாகாது என்று கட்டுப்பாடு வைத்த யூதச் சமூகங்கள் பல. கொச்சிப் பெண்களோ ஆண்கள் எதிரிலேயே பாடினார்கள்.

அனுசரித்துக்கொண்டே தனக்கென ஓர் இடம் பிடிக்கும் இந்த மனநிலைக்குச் சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988இல் ஒரு விளக்கம் தந்தார். ஆணாதிக்கத்தைப் பெண்கள் வெறுமனே சகித்துக்கொள்வதில்லை, அதனுடன் பேரம் பேசுகிறார்கள் என்றார். பணிவைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குவது. நாளைக்கு மாமியார் ஆகலாம் என்று இன்றைக்கு மருமகளாகப் பொறுத்துக்கொள்வது. பேரம் படிந்தாலும் கடை என்னவோ ஆண்களுடையதுதான்.

மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் அந்தக் கடையை விட்டே வெளியே வந்தவர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த குடும்பம் அவருடையது. அந்தப் பிரிவினரை ஜெபாலய பெஞ்சுகளில் உட்காரவே விடாத காலம் ஒன்று இருந்தது. பெண் என்பது ஒரு தடை, பிறப்பு இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த முதல் மலையாளிப் பெண் என்று சொல்லப்படுகிறார். 1951இல் இஸ்ரேல் போனார். முதுமையில் கொச்சிப் பெண்களின் அந்தப் பாட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995இல் வந்த அவரது நினைவு நூல், கொச்சி யூதப் பெண் ஒருவர் எழுதி வெளிவந்த முதல் புத்தகம்.

ரூபி தனியாக வெளியேறினார். இன்றைய பெண்கள் கூட்டாக நியாயம் கேட்கிறார்கள். நடிகை ஒருவர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து 2017இல் மலையாளத் திரைப்பெண்கள் அமைப்பு உருவானது. அவர்கள் வற்புறுத்தியதால், திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி அமைந்தது. 2019 டிசம்பரில் அரசிடம் சேர்ந்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பேசுவதற்குப் பெண்கள் தயங்கவில்லை. கேட்பதற்குத்தான் ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.