கப்பலுக்கும் ஜாமீன்

திருப்பூரில் பின்னிய பனியன் தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. நடுக்கடலில் வேறொரு கப்பல் மோதிச் சரக்கு நாசமானால் நஷ்டத்தை யாரிடம் கேட்பது? மோதிய கப்பலின் சொந்தக்காரர் அயல்நாட்டாராயிருக்கலாம். ஆகவே, அக்கப்பல் நம் துறைமுகத்துக்கு வருகையில் சட்டம் கப்பலையே கைது செய்கிறது. ரொக்கமோ பாங்கி உத்தரவாதமோ கொடுத்தால் அதற்கு விடுதலை. வழக்கோ அந்த ஜாமீனைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூரை அடுத்து 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெங்கும் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. அப்போதும் நம் கோர்ட்டுகள் 1861, 1890-ம் ஆண்டுகளின் ஆங்கிலேயச் சட்டங்களையே நம்பியிருந்தன! 2018 ஏப்ரல் 1 முதல் நம் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே அமலிலிருக்கிறது. சென்னை ஹைகோர்ட்டுக்கு அதில் அதிகாரமுண்டு. மோதிய கப்பலின் மேலுள்ள பற்றுரிமை, ஓராண்டுக்குள் அதைக் கைது செய்யாவிடில் பொதுவாக அழிந்துபோம். கப்பல் நழுவியபின் கிடைக்கும் தீர்ப்பு வெறுங் காகிதமன்றோ? நம் வியாபாரிகள் விழித்திருப்பாராக.